95 என்று காட்டினால் ஆக்சிஜன் கேன் வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆக்சிமீட்டரில் 97 காட்டும், சில நேரம் 95. ஆழமாக மூச்சு இழுத்தால் எண் ஏறும் என்று பத்து நிமிடம் இழுத்துப் பார்த்தேன். தலை சுற்றி, விரல்கள் மரத்துப்போயின. மருத்துவக் கருவிகள் விற்கும் ஒருவர் வீட்டில் ஆக்சிஜன் கேன் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

முதலில் அந்த எண். ஆக்சிமீட்டர் விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கணக்கிடுகிறது. வீட்டுக் கருவிகளில் இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே வருவது சகஜம். விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கை ஆடினாலும் இன்னும் தப்பாகக் காட்டும். அதனால் 97க்கும் 95க்கும் நடுவில் நோயைத் தேட வேண்டாம். நூற்றில் 97 பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நிறைந்த குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும்.

சரி, அப்படியானால் ஏன் மூச்சு வாங்குகிறது? நம்மை மூச்சு விட வைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, கார்பன் டை ஆக்சைடு. படி ஏறும்போது தொடைத் தசைகள் அதை அதிகமாக உண்டாக்குகின்றன. ரத்தத்தில் அது சிறிது கூடினாலே மூளையின் அடியிலுள்ள முகுளம் கண்டுகொண்டு, மூச்சை வேகப்படுத்திவிடும். ஆக்சிஜனைக் கண்காணிக்கும் உணர்விகளும் கழுத்து ரத்தக்குழாயில் உண்டு. ஆனால் ஆக்சிமீட்டர் கணக்கில் 90ஐ ஒட்டி இறங்கினால்தான் அவை பலமாக வேலை செய்யும். பள்ளிப் பாடத்தில் ‘ஆக்சிஜனை இழுக்கிறோம், கழிவை விடுகிறோம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பதே அந்தக் ‘கழிவு’தான் என்று சொல்லித் தருவதில்லை. கேன் விற்பவர்களின் பிழைப்பு இந்த அறியாமையில்தான் ஓடுகிறது.

நீங்கள் இழுத்து இழுத்து மூச்சு விட்டபோது நடந்ததும் இதுதான். ஆக்சிஜன் இன்னும் ஏற இடமே இல்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் அளவுக்கு மீறி வெளியேறியது. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து, கால்சியத்தில் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் விரல்கள் மரத்துப்போகும். இனி அப்படி ஆனால் உட்கார்ந்து, மூக்கு வழியாக மெதுவாக, வெளிவிடும் மூச்சை நீட்டி விடுங்கள். பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவருக்கு அது ஆபத்து.

அந்தக் கேனைப் பற்றியும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர் ஒரு மூச்சுக்கு அரை லிட்டராக, நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். ஒவ்வொரு அரை லிட்டரிலும் சுமார் 150 மில்லி மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும், காற்றுப்பைகளைத் தொடாது. 10 லிட்டர் கேன் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. கேன் வாங்கியவரிடம் அடுத்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் கருவியை வாடகைக்குத் தள்ளுவார்கள், அப்புறம் மாதாமாதம் ‘சர்வீஸ்’. ஆக்சிஜன் ஒரு மருந்து. எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டியது. அதைக் குளிர்பானம்போல விற்க விட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் பல வருடம் புகைபிடித்தவரோ, அடுப்புப் புகையில் காலம் தள்ளியவரோ, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரோ இருந்தால், நீங்கள் வாங்கி வைத்த ஆக்சிஜன் அவர் மூக்குக்குப் போய்விடும். அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கும். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அது இன்னும் ஏறும். ஆக்சிமீட்டர் 99 காட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள், நோயாளியோ தூங்குவதுபோல மயக்கத்துக்குப் போவார். அந்தக் கருவி கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையிலேயே 88 முதல் 92 வரை போதும் என்றுதான் வைப்போம். 90 இருக்கிறதே என்று பயந்து குழாயைத் திருகி விடாதீர்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது இந்த இலக்கை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கப் பலருக்கு நேரம் இருப்பதில்லை. நீங்களே கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. ஹீமோகுளோபின் 14 இருக்க வேண்டிய இடத்தில் 7 இருந்தாலும், இருப்பது நிரம்பியிருந்தால் கருவி 98 என்றே காட்டும். சுமக்கும் ஆள் பாதியானது அதற்குத் தெரியாது. ‘98 இருக்கிறதே, நார்மல்’ என்று அனுப்பப்பட்டு, பல மாதம் மூச்சு வாங்கிக்கொண்டே வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, இசிஜி, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஆகியவற்றில் தொடங்கினால் போதும். எடுத்த எடுப்பில் முழு உடல் ஸ்கேன் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, மார்பு வலித்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, சூடான விரலில் மீண்டும் மீண்டும் 92 அல்லது அதற்குக் கீழே காட்டினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இவை இல்லாவிட்டாலும் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எத்தனையாவது படியில் மூச்சு முட்டுகிறது, மல்லாந்து படுத்தால் கூடுகிறதா, கால் வீங்குகிறதா, இரவில் இருமல் உண்டா என்று குறித்துக்கொண்டு போய் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆக்சிமீட்டர் எண்ணை அப்புறம் சொல்லலாம்.