எரிச்சலுக்குக் காரணம் டெட்டால், ரத்தத்துக்கு அல்ல

கேள்வி: எனக்கு வயது 42. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். ஐந்து மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் ‘பெர்சனல் மசாஜர்’ என்று போட்டிருந்த ஒரு வைப்ரேட்டர் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் டெட்டால் போட்டுத்தான் கழுவுகிறேன். அப்படியும் எரிச்சல், அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த ஃப்ளூகனசோல் 150 மாத்திரை வாரம் ஒன்றாக நான்கு போட்டேன், ஒரு க்ரீமும் தடவினேன். கேட்கவில்லை. இப்போது அந்தப் பொருளே பிசுபிசுக்கிறது, ஒரு வாடையும் வருகிறது. இட்லிப் பானையில் வேகவைத்தால் கிருமி போகுமா? மாதவிலக்குக்கு முன்னால் வெள்ளைப்படுகிறது. உபயோகித்த மறுநாள் இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டது, கீறலாக இருக்கும். நரம்புத் தளர்ச்சி வருமா, கர்ப்பப்பை இறங்குமா? ஹெச்பிவி வந்து கேன்சர் ஆகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பார்சல் வந்தபோதே சீல் பிரிந்திருந்தது. யாராவது உபயோகித்துவிட்டுத் திருப்பி அனுப்பியதோ என்று நினைத்து நினைத்துத் தூக்கமே போய்விட்டது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

எய்ட்ஸ் என்ற சொல்லை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியே அதுதான் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம். இல்லை, இதனால் வராது. ஹெச்ஐவி உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பில் தாக்குப்பிடிக்காத கிருமி. கிடங்கிலும் கூரியர் வண்டியிலும் நாள்கணக்கில் கிடந்து வந்த ஒரு பொருளிலிருந்து அது தொற்றாது. அப்படிக் கிடந்தாலும் உயிரோடு இருக்கக்கூடியது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி. உலர்ந்த இடத்தில்கூட ஏழு நாள் வரை தாங்கும். சீல் பிரிந்து வந்ததைக் கழுவிப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பச் சொல்வது அதனால்தான். உங்கள் விஷயத்தில் அந்த வாய்ப்பும் மிகமிகக் குறைவு. ஆனால் தூக்கம் போனதற்கு என் வார்த்தை மட்டும் மருந்தாகாது. அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் ஹெச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. ஐந்து மாதம் ஆகிவிட்டதால் ஒரே பரிசோதனையில் விஷயம் முடிந்துவிடும். ஹெபடைடிஸ் பி-க்கும் ரத்தம் கொடுங்கள். அது இல்லை என்று வந்து, தடுப்பூசியும் இதுவரை போட்டதில்லை என்றால் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது என்று போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு சீலைப் பற்றி நினைக்க ஒன்றும் இல்லை.

கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரி. போகிற போக்கில் எழுதிவிட்டு, ‘கீறலாக இருக்கும்’ என்று தீர்ப்பும் நீங்களே சொல்லிவிட்ட வரி. மெத்தென்ற ஒரு பொருள் அவ்வளவு லேசில் கீறாது. கீறினாலும் அப்போதே காந்தும், அன்றைக்கே ரத்தம் தெரியும். மாதவிலக்கு இல்லாத நாளில், உறவுக்குப் பிறகோ, ஏதாவது உள்ளே பட்ட பிறகோ ரத்தம் தெரிந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் கர்ப்பப்பை வாய். அங்கே உள்பக்கத்து மெல்லிய தோல் வெளியே வந்து சிவந்திருக்கலாம். நம் ஊரில் இதைத்தான் ‘கர்ப்பப்பை வாய்ப் புண்’ என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. பாலிப் என்கிற சிறு சதை தொங்கிக்கொண்டிருக்கலாம். கிருமித்தொற்றால் வீங்கியிருக்கலாம். அநேகமாக இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இதே மாதிரி, வலி எதுவும் இல்லாமல், உள்ளாடையில் ஒரு சொட்டாகத்தான் முதலில் தலைகாட்டும். எது என்பதைக் கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வைப்ரேட்டர் அந்த இடத்தைக் கெடுக்கவில்லை. தொட்டுக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே இந்த மாதமே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போகிறீர்கள். ‘ஸ்கேன் எடுத்தேன், நார்மல்’ என்று திரும்பி வராதீர்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் ஆரம்ப மாற்றங்கள் தெரியாது. ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, வெளிச்சம் போட்டு, கண்ணால் பார்க்கவேண்டும். பார்க்கும்போதே அசிட்டிக் அமிலத்தைத் தொட்டுவைத்து ஒரு நிமிடம் பொறுத்தால் சந்தேகமான இடம் வெளுத்துக் காட்டும். கூடவே பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயின் செல்களைத் துடைத்தெடுத்துப் பார்ப்பது), ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) பரிசோதனையோ எடுப்பார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இந்த அமிலப் பரிசோதனையைச் செய்கிறார்கள். ஆனால் அது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைச் சலித்தெடுக்கிற பரிசோதனை. ரத்தம் படுகிறவர், ‘ரத்தம் படுகிறது’ என்று வாய் திறந்து சொல்லவேண்டும். பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்த பிறகும் ரத்தம் தொடர்ந்தால் மறுபடி போகவேண்டும். போவதற்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே மாத்திரையோ க்ரீமோ வைக்காதீர்கள், தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். மாதவிலக்கு நாட்களில் எடுத்தால் முடிவு தெளிவாக இருக்காது. மருத்துவரிடம் என்ன பொருள், எங்கே வாங்கினீர்கள் என்ற கதை வேண்டாம். ‘உள்ளே ஏதாவது பட்டால் மறுநாள் ரத்தம் வருகிறது’ என்றால் போதும். மறைக்கவும் வேண்டியதில்லை. நாங்கள் இதைவிட எவ்வளவோ கேட்டிருக்கிறோம்.

யூடியூபர் சொன்ன ஹெச்பிவி விவகாரம் பாதி உண்மை. ஒரே வைப்ரேட்டரை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால், கழுவிய பிறகும் அதன் மேல் ஹெச்பிவி ஒட்டியிருக்க முடியும். ஆராய்ச்சியில் அப்படிக் கண்டிருக்கிறார்கள். பகிர்கிறவர்கள் ஆளுக்கு ஒரு புது ஆணுறை மாட்டவேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். ஆனால் ஐந்து மாதத்தில் ஹெச்பிவி தொற்றிப் புற்றுநோய் ஆவது கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கிருமி திருமண வாழ்க்கையின் தொடக்க வருடங்களில் வந்து, இரண்டு வருடத்துக்குள் தானாகப் போய்விடும். போகாமல் தங்கியது புற்றுநோயாக மாற, எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களுக்கு 15 முதல் 20 வருடம் பிடிக்கும். ஆகவே பார்க்கவேண்டியது பார்சலை அல்ல, இருபது வருட வாழ்க்கையை.

இனி எரிச்சல். டெட்டாலில் இருப்பது குளோரோசைலினால், பைன் எண்ணெய், ஆல்கஹால். உங்கள் பொருள் பிசுபிசுக்கிறது என்றால் அநேகமாக அது சிலிக்கான் அல்ல. டிபிஇ என்று சொல்லும் மலிவான மென்ரப்பர். பஞ்சுபோல நுண்துளை உள்ள, எண்ணெய் கலந்து செய்த பொருள் அது. எண்ணெயில் கரைகிற டெட்டால் சரக்கு அதற்குள் ஊறி உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மேலே இருப்பதுதான் போகும். பிறகு உடல் சூட்டில், ஈரத்தில், ஊறியது மெல்ல வெளியே வரும். அதாவது ஒவ்வொரு முறையும் நீங்கள் உள்ளே வைத்தது ஒரு டெட்டால் பஞ்சு. வேண்டுமானால் நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு இரவு வெள்ளைத் தாளின் மேல் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். தாளில் வடைச் சட்டி ஓரத்தில் படிவது மாதிரி ஓர் எண்ணெய்த் தடம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மோந்து பார்த்தால் மீதியும் புரியும்.

இதற்கு ஃப்ளூகனசோல் என்ன செய்யும்? அது பூஞ்சைக்கான மருந்து. தயிர்த் திப்பிபோலக் கட்டி கட்டியாக வெள்ளைப்பட்டு அரித்தால் அது பூஞ்சை, பெரும்பாலும் ஒரு மாத்திரையில் அடங்கும். நான்காவது மாத்திரை போடும்போதாவது ‘இது பூஞ்சைதானா’ என்று கேட்டிருக்கவேண்டாமா? க்ரீமின் பெயரை எழுதவில்லை. டியூபைத் திருப்பிப் பாருங்கள்: ‘குளோபெட்டசால்’ அல்லது ‘பீட்டாமெத்தசோன்’ என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய அன்று சொர்க்கமாக இருக்கும், ஒரு மாதத்தில் தோல் மெலிந்து, தொட்டாலே எரியும். பிறப்புறுப்பில் தடவச் சொல்லி எந்த மருத்துவரும் உங்களுக்கு எழுதிக் கொடுத்த மருந்து அல்ல அது. டியூபை மருத்துவரிடம் காட்டுங்கள், கடைக்காரரிடம் அல்ல.

இட்லிப் பானை? அடுப்பில் வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் உள்ளே உருகிய பிசினும், சூடுபட்ட பேட்டரியும் இருக்கும். டிபிஇ கொதிநீரைத் தாங்காது, பேட்டரி உள்ள எதையும் வேகவைக்கக் கூடாது. அந்தப் பொருளைத் தூக்கிப் போடுங்கள். அதைச் சுத்தம் செய்ய வழியில்லை. நுண்துளைக்குள் போனதை எந்தச் சோப்பும் தொடாது. இங்கே இவற்றை ‘மசாஜர்’ என்ற பெயரில் விற்பதால் பெட்டியில் என்ன ரப்பர் என்றுகூடப் போடுவதில்லை. இந்தப் பொருட்களுக்கென்று 2021-இல் ஐஎஸ்ஓ 3533 என்று ஒரு சர்வதேசத் தரமே வந்துவிட்டது. நம் கடைகளில் அதைக் கேட்பார் இல்லை.

அடுத்து வாங்குவது என்றால் முழுச் சிலிக்கான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போரோசிலிகேட் கண்ணாடி, இல்லாவிட்டால் ஏபிஎஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். இவற்றில் துளை இல்லை; சோப்பும் தண்ணீருமே போதும். வாசனையோ நிறமோ இல்லாத திரவச் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், 30 விநாடி விரலால் தேய்ப்பது. அழுக்கு தங்குவது பளபளப்பான இடத்தில் அல்ல. அச்சில் வார்க்கும்போது இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டில், பொத்தானைச் சுற்றி, மூடி திருகும் மரையில். அங்கே மட்டும் மென்மையான குழந்தைப் பல்துலக்கி போதும். வழவழப்பு போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தாலும் எரியும். உபயோகித்த பிறகு கழுவுவது போலவே, உபயோகிக்கும் முன்பும் ஒருமுறை. பீரோத் தூசி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: பெட்டியில் ‘ஐபிஎக்ஸ் 7’ என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ‘ஐபிஎக்ஸ் 4’ என்றால் தெறிக்கும் தண்ணீர் மட்டும்தான். எதுவுமே போடவில்லை என்றால் குழாயடியில் நீட்டாமல், சோப்புத் துணியால் துடைத்து, வெறும் ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தெடுங்கள்.

மோட்டார் இல்லாத சிலிக்கான், ஸ்டீல், கண்ணாடி ஆகியவற்றை மட்டும் வேகவைக்கலாம், ஐந்து நிமிடம். அதற்கென்று தனிப் பாத்திரம், அடியில் மடித்த துணி. சிலிக்கான் சூடான அடிப்பாகத்தில் நேராகப் படக்கூடாது. கண்ணாடியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சேர்த்துச் சூடாக்கி, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். எடுத்தவுடன் குழாயில் காட்டினால் விரிசல் விடும். விரிசலோ சில்லோ விரலில் தட்டுப்பட்டால் குப்பைக்கு. ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் வேகவைப்பது அவசியமே இல்லை. ஆசனவாயில் பட்டதை மறுபடி முன்பக்கம் கொண்டுவருவதற்கு முன்னால்தான் அவசியம். குடல் கிருமி சிறுநீர்த் தாரைக்குப் போவது அந்த வழியில்தான். நடுவில் எழுந்து அடுப்பு மூட்டமுடியாது என்பவர்கள் ஆணுறையைக் கழற்றிப் புதிது மாட்டலாம். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் வேண்டாம், லேடெக்ஸ் நைந்து கிழியும். சிலிக்கான் பொருளுக்குச் சிலிக்கான் ஜெல்லும் வேண்டாம், மேற்பரப்பைக் கெடுத்துவிடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (‘வாட்டர் பேஸ்டு’) ஜெல் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும்.

கைக்குப் போடும் சானிடைசர், வாசனை உள்ள ஈரத்தாள், வினிகர், எலுமிச்சை, வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் எதுவும் வேண்டாம். மஞ்சள் சிலிக்கானில் கறையாக நிற்கும், அதைத் தவிர எந்த வேலையும் செய்யாது.

கழுவியதைவிட முக்கியம் காயவைப்பது. துவாலையில் துடைத்தால் பஞ்சு நூல் ஒட்டும், பழைய வேட்டித் துணி நல்லது. துடைத்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, பருத்திப் பையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டிப் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்தால் கடற்கரை ஊர்களில் ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும். இன்னொன்று, அந்துருண்டை. பீரோவில் புடவைக்கு நடுவே கிடக்கும் அந்த உருண்டையின் ஆவியை ரப்பர் உறிஞ்சிக்கொள்ளும், அதுவும் எரிச்சல்தான். சார்ஜ் போடும் முனை காயாமல் சார்ஜ் போட்டால் துரு ஏறும். செல் போடுகிற மாதிரி என்றால் எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் அதுவும் புண்ணாக்கும் சரக்கு.

மீதிக் கேள்விகளுக்கு நேரம் செலவிட ஒன்றுமில்லை. நரம்புத் தளர்ச்சி வராது. சிறிது நேரம் மரத்துப்போகும், தானே சரியாகும். கர்ப்பப்பை இறங்குவது பிரசவங்களாலும் தசைத் தளர்ச்சியாலும், இதனால் அல்ல. மாதவிலக்குக்கு முன் வாடையில்லாமல் வெள்ளைப்படுவது இயல்பு. மீன் கவிச்சி அடித்தாலோ, பச்சையாக நுரைத்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டெட்டால், க்ரீம், அந்தப் பொருள், கூடவே கடையில் விற்கும் ‘இன்டிமேட் வாஷ்’ இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே கழுவவே வேண்டாம். பத்து நாளில் எரிச்சல் பெருமளவு அடங்கவேண்டும். அடங்கிவிட்டது என்பதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். எரிச்சல் வேறு, ரத்தம் வேறு.