632001: பதின்மூன்றோடு நிறுத்தலாமா?

கேள்வி: வேலூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 632001. இலக்கங்களைக் கூட்டினால் 12, மறுபடி கூட்டினால் 3. மூன்றால் வகுத்தால் 210667. அதை 13 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லாமல் போகவில்லை. பள்ளிக் கணிதக் கண்காட்சியில் '210667 ஒரு பகா எண். வேலூரின் ராசி எண் 3' என்று பலகை வைக்கலாமா?
— ஓர் ஆசிரியர், சத்துவாச்சாரி

பதில்: வைக்காதீர்கள். 210667 பகா எண் அல்ல. 293 × 719. பெருக்கிப் பாருங்கள்.

நீங்கள் வகுத்தது சரி, நிறுத்திய இடம்தான் தவறு. ஓர் எண் இரண்டாகப் பிரியுமானால் சிறிய காரணி அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 459-இன் வர்க்கம் 210681. ஆகவே 458 வரையுள்ள பகா எண்கள் அத்தனையையும் பார்த்தாக வேண்டும்; அவை 88. நீங்கள் பார்த்தவை ஆறு. 293 வருவது 62-ஆவது இடத்தில்.

அவ்வளவு வகுக்க மாணவர்களுக்குப் பொறுமை இருக்காதுதான். பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா சொன்ன வழி இங்கே நன்றாக உதவும்: எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது. 459-இல் தொடங்கி ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் 210667-ஐக் கழியுங்கள். மிச்சம் முழு வர்க்கமானால் வேலை முடிந்தது: இரண்டு வர்க்கமூலங்களின் வித்தியாசமும் கூட்டலும்தான் காரணிகள். எல்லாவற்றையும் சோதிக்கவும் தேவையில்லை. 210667-ஐ நான்கால் வகுத்தால் மீதி 3. எனவே பெரிய வர்க்கத்தின் வர்க்கமூலம் இரட்டைப்படையாகவே இருக்கும். மூன்றால் வகுத்தால் மீதி 1. எனவே அது மூன்றின் மடங்காகாது, கழித்து வரும் மிச்சமோ ஒன்பதால் வகுபட வேண்டும். 460-இல் மிச்சம் 933. இலக்கக் கூட்டல் 15, தள்ளிவிடலாம். 466-இல் 6489, ஒன்பதால் வகுபடும், ஆனால் 80-க்கும் 81-க்கும் நடுவே விழுகிறது. இப்படியே போனால் பதினாறாவதாக 506 வரும். 256036 − 210667 = 45369, அதாவது 213-இன் வர்க்கம். 506 − 213 = 293; 506 + 213 = 719.

காரணிகள் இரண்டும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வழி சீக்கிரம் முடியும். ஒன்று மிகச் சிறியதாக இருந்தால் வகுத்தலே மேல். அதனால் 7, 11, 13 மூன்றையும் முதலில் ஒரே கழித்தலில் பார்த்துவிடுங்கள்: 667 − 210 = 457. இந்த 457 அவற்றால் வகுபடாது, எனவே 210667-உம் வகுபடாது. 7 × 11 × 13 = 1001 என்பதால் இது செல்லும்.

ராசி எண் விஷயம்: இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி 3 வந்தது, 632001-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 3 என்பதைத்தான் சொல்கிறது. ஊரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. குழந்தைகள் படிக்கும் பலகையில் அதற்கு இடம் தர வேண்டாம்.

பலகையில் 632001 = 3 × 293 × 719 என்று எழுதுங்கள். கீழே அதன் எட்டு வகுத்திகள்: 1, 3, 293, 719, 879, 2157, 210667, 632001. பக்கத்திலேயே காட்பாடியின் 632007-ஐ வைத்து, ஒன்பதால் வகுத்து வரும் 70223 பகா எண்தானா என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் 263 வரை போனால் போதும்.