வாசகர் கேள்விகள்: டிவைஸ் எண்கள் தீர்ந்துபோவது ஏன்?

கேள்வி (அல்சூர், பெங்களூரு): லினக்ஸில் கேரக்டர் டிரைவர் (பைட் பைட்டாகத் தரவு பரிமாறும் சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதப் பழகுகிறேன். மேஜர் எண் (எந்த டிரைவர் என்று காட்டும் எண்) 240 என்று நேரடியாக எழுதியிருக்கிறேன். கல்லூரி லேப்பில் ஓடுகிறது. வீட்டு லேப்டாப்பில் இன்ஸ்மாட் செய்தால் (டிரைவர் மாட்யூலை லினக்ஸின் மையமான கெர்னலில் ஏற்றினால்) 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்கிறது. 240 சோதனைக்கென ஒதுக்கிய எண்தானே?

பதில்: முன்பு ஒதுக்கியதுதான். லினக்ஸின் டிவைஸ் பட்டியலில் 240 முதல் 254 வரை உள்ளூர் உபயோகத்துக்கு விட்டிருந்தார்கள். ஆனால் எண் கேட்டு வரும் டிரைவர்களுக்கும் கெர்னல் 254இல் தொடங்கி 234 வரை இறங்கிக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறது. உங்கள் லேப்டாப்பில் வேறொரு டிரைவர் 240ஐ முன்பே பெற்றுவிட்டது. /ப்ராக்/டிவைசஸ் கோப்பைத் திறந்தால் அதன் பெயர் தெரியும். 241க்கு மாற்றினால் அடுத்த கணினியில் இதே தொல்லை வரும். அலாக்_சிஆர்டெவ்_ரீஜனை அழைத்து, கெர்னல் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். டிவைஸ்_கிரியேட் அழைத்தால் /டெவ் கோப்பு தானே வரும், எம்கேநாட் கட்டளையால் அதைக் கையால் உருவாக்க வேண்டாம். மாட்யூலை நீக்கும்போது மட்டுமல்ல, இனிட் (மாட்யூலின் தொடக்க ஃபங்ஷன்) பாதியில் தோற்றாலும் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் ரீபூட் வரை அது முடங்கிக் கிடக்கும்.

கேள்வி (வொயிட்ஃபீல்ட், பெங்களூரு): எங்கள் டிரைவர் அலாக்_சிஆர்டெவ்_ரீஜன் மூலம்தான் எண் வாங்குகிறது. ஆனாலும் 140 கார்டுகளைத் தாண்டியதும் பிழை. மைனர் எண்ணுக்கு (ஒரு மேஜரின் கீழுள்ள தனிச் சாதனத்தைக் காட்டும் எண்) 20 பிட் இருக்கும்போது எப்படித் தீரும்?

பதில்: தீர்ந்தது மைனர் அல்ல, மேஜர். ஒவ்வொரு கார்டின் ப்ரோபிலும் (கார்டு கண்டறியப்பட்டதும் ஓடும் ஃபங்ஷன்) அலாக்_சிஆர்டெவ்_ரீஜனை 1 என்ற எண்ணிக்கையோடு அழைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த ஃபங்ஷன் அழைக்கும் ஒவ்வொரு முறையும் யாரும் தொடாத புது மேஜரைத்தான் தேடும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் டிவைஸ் எண் 16 பிட்டிலிருந்து 32 பிட்டானது: மேஜருக்கு 12, மைனருக்கு 20. கணக்குப்படி 4096 மேஜர்கள். ஆனால் கேரக்டர் டிவைஸ்களுக்குக் கெர்னல் 511க்கு மேல் போக விடாது. தானாகக் கொடுப்பது 254–234, பிறகு 511–384 மட்டுமே. ஆக 21 + 128 = 149. மற்ற டிரைவர்கள் எடுத்தது போக மீதிதான் உங்களுக்கு. 10,48,576 மைனர்களில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு ஒரு மேஜரையே வீணாக்குவது பெரிய விரயம்.

மாட்யூல் இனிட்டில் ஒரே ஒரு முறை 256 மைனர்களைச் சேர்த்து வாங்குங்கள். ப்ரோபில் ஐடிஏ_அலாக்_மேக்ஸ் (காலியான எண்ணைத் தரும் ஃபங்ஷன்) மூலம் 0 முதல் 255க்குள் ஒரு மைனரை எடுத்து, அதோடு சிடெவ்_ஆட் அழைத்து சாதனத்தைப் பதியுங்கள். கார்டு நீங்கும்போது ஓடும் ரிமூவில் சிடெவ்_டெல், பிறகு ஐடிஏ_ஃப்ரீ. டிரைவருக்கு ஒரே ஒரு கோப்பு போதுமென்றால் இத்தனையும் வேண்டாம். மேஜர் 10ஐப் பகிர்ந்துகொள்ளும் மிஸ்க்_ரெஜிஸ்டர் போதும்.

கேள்வி (பீன்யா, பெங்களூரு): எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 200 சிஎச்340 (யுஎஸ்பி–சீரியல் சிப்) கேபிள்களை ஒரே கணினியில் மாட்டலாமா?

பதில்: எண் தடையில்லை, இந்தக் கேபிள்களுக்கான டிடிஒய்யுஎஸ்பி கோப்பு வரிசையில் 512 இடம் உண்டு. யுஎஸ்பிதான் இடிக்கும். ஒரு பஸ்ஸில் ஹப்களையும் சேர்த்து 127 முகவரிகளே. கன்ட்ரோலர் பெரும்பாலும் அதற்கும் முன்பே 'நாட் இனஃப் ஹோஸ்ட் கன்ட்ரோலர் ரிசோர்சஸ்' என்று நின்றுவிடும். கூடுதல் பிசிஐஇ யுஎஸ்பி கார்டுகளில் பிரித்து மாட்டுங்கள். சிஎச்340களில் பெரும்பாலும் சீரியல் எண் இருக்காது என்பதால் சாதனத்தின் அடையாளத்தால் பெயரிடும் /டெவ்/சீரியல்/பை-ஐடி குழப்பும். மாட்டிய போர்ட்டால் பெயரிடும் பை-பாத்தில் தேடி, ஒவ்வொரு போர்ட்டிலும் லேபிள் ஒட்டுங்கள்.