முதல் இரண்டு நிமிடம்: குறும்படத் தொடக்கம் பற்றிக் கேள்வி பதில்

கடலூரிலும் புதுச்சேரியிலும் குறும்படம் எடுக்கும் நண்பர்கள், தொடக்கக் காட்சிகளைத் திட்டமிடும்போது கதைக் கோட்பாடுகளை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

அண்ணா, வகுப்புல கதைக் கோட்பாட்டாளர் தொதோரோவ் பத்தி நடத்துறாங்க. சமநிலை, குலைவு, குலைவை உணர்தல், சரிசெய்யும் முயற்சி, புதிய சமநிலைன்னு அஞ்சு கட்டம். ஆனா முதல் கட்டத்தைக் காட்டினாலே படம் இழுக்குதுன்னு சொல்றாங்க. வெட்டிடலாமா? (விஸ்காம் மாணவர், கடலூர் முதுநகர்)

வெட்ட வேண்டாம் தம்பி. சூரியன் உதிக்கிறது, டீக்கடையில் பால் பொங்குகிறது, கோயில் மணி அடிக்கிறது என்று அடுக்குவதால்தான் இழுக்கிறது. உங்கள் கதையில் இவற்றில் எதுவும் குலையப்போவதில்லையே. எது குலையப்போகிறதோ அதை மட்டும் காட்டுங்கள், ஆனால் நன்றாகக் காட்டுங்கள்.

வலை பின்னும் தாத்தா ஒருவருக்குக் கை நடுக்கம் தொடங்குகிறது என்று கதை வைத்துக்கொள்வோம். குலையப்போவது அவர் கையின் லாகவம். முதல் ஷாட்: வலை ஊசி கண்ணிக்குள் புகுந்து வெளியே வருகிறது, முடிச்சு விழுகிறது. கை மட்டும், 8 நொடி. இரண்டாவது: இடுப்பளவு ஷாட். தாத்தா வலையைப் பார்க்கவே இல்லை, பேத்தியிடம் பேசிக்கொண்டிருக்கிறார், கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. 10 நொடி. மூன்றாவது: பேத்தி போட்ட தப்பு முடிச்சை அவர் விரலாலேயே தடவி அவிழ்க்கிறார். 7 நொடி. மொத்தம் 25 நொடியில் சமநிலை முடிந்தது.

நான்காவது ஷாட் வேறொரு நாள். மறுபடி கை மட்டும். ஊசி கண்ணியைத் தவறவிடுகிறது, திரும்பவும் தவறவிடுகிறது. இங்கே இசை வேண்டாம். ஐந்தாவதில் அவர் அந்தக் கையை வலைக்கு அடியில் மறைக்கிறார், பேத்தி பார்த்துவிடுகிறாள்.

பெரும்பாலும் சறுக்குவது நான்காவது ஷாட்டில்தான். முதல் ஷாட்டின் அதே லென்ஸ், அதே தூரம், அதே உயரம் இருக்க வேண்டும். சட்டகம் மாறினால் பார்ப்பவருக்கு அது இன்னொரு ஷாட்டாகத்தான் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். முதல் நாளே தரையில் டேப் ஒட்டி முக்காலியின் கால்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மணல் என்றால் மூன்று பலகைத் துண்டுகளைப் புதைத்துவிட்டு அதன்மேல் நிறுத்துங்கள்.

சார், பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் சொல்லும் புதிர்க் குறியீட்டை, அதாவது ஒரு கேள்வியை எழுப்பி விடையைத் தள்ளிப்போடுவதை, வைத்து எதையுமே சொல்லாமல் ஆரம்பித்தோம். பார்த்தவர்கள் குழம்பிவிட்டார்கள். எங்கே பிசகு? (திருப்பாப்புலியூர்)

பார்த் 1970இல் பிரித்துக் காட்டிய ஐந்து குறியீடுகளில் புதிரும் ஒன்று. புதிர் என்றால், எது தனக்குத் தெரியவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். யார், எங்கே, என்ன செய்கிறார் ஆகிய மூன்றில் இரண்டைத் தெளிவாகக் கொடுத்தால்தான் மூன்றாவது கேள்வியாக நிற்கும். மூன்றையும் மறைத்தால் கை செல்போனைத் தேடும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தைக் கவனியுங்கள். முக்கியமான வேடம் வரும்போது இரண்டு பேர் துணித்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், உள்ளிருந்து பாட்டு வரும். வருவது யார் என்று சபைக்குத் தெரியும். முகம் மட்டும் பாக்கி. எதைக் காட்டி எதை நிறுத்திவைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் ‘தெரிவது’, ‘தெரியாதது’ என இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். முதல் நிமிடத்தில் ‘தெரியாதது’ பத்தியில் இரண்டு வரிக்கு மேல் சேர்ந்தால் அதிகம்.

கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை என்று ரஷ்ய ஆய்வாளர் ப்ராப் சொன்ன 31 செயல்களை மூன்று நிமிடத்தில் அடக்க முடியுமா?

வேண்டாம். அவர் 1928இல் ஆராய்ந்தது ரஷ்ய மாயக்கதைகளை. தொடக்கத்துக்கு அவருடைய முதல் மூன்று செயல்கள் போதும்: வீட்டில் ஒருவர் வெளியே போகிறார், ஒரு தடை விதிக்கப்படுகிறது, அது மீறப்படுகிறது. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது “அந்தப் பெட்டியைத் தொடாதே” என்கிறாள். அடுத்த ஷாட்டில் கை பெட்டியின் மேல். 40 நொடியில் கதை ஓடத் தொடங்கிவிடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டி மானிடவியலாளர் லெவி-ஸ்த்ராஸ் சொல்லும் எதிரிணையாக, அதாவது எதிரெதிரான இரண்டாக, ஆரம்பிக்கலாமா அண்ணே? (திருமண வீடியோ எடுப்பவர், முத்தியால்பேட்டை)

இடம் நல்ல தேர்வு. ஆனால் மஞ்சள் சுவரையும் நெரிசலான தெருவையும் மாற்றி மாற்றி ஒட்டினால் சுற்றுலா விளம்பரம் மாதிரி ஆகிவிடும். எதிரிணை மோத வேண்டும், மோதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கிழக்கே பிரெஞ்சுப் பகுதி வீட்டில் வாசல் கழுவிவிட்டு, மேற்கே தன் வீட்டுக்கு வந்து வாசல் தெளிக்கிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செயல், இரண்டு வாசல். அங்கே குழாயைத் திறந்துவிட்டுத் தாராளமாகக் கழுவுகிறாள், இங்கே குடத்திலிருந்து கையால் அள்ளித் தெளிக்கிறாள். வசனம் தேவையில்லை.

திசையைக் குழப்பாதீர்கள். கேமரா எப்போதும் வடக்கைப் பார்க்கட்டும். கிழக்கே வேலைக்குப் போகும்போது இடமிருந்து வலம் நடப்பாள், வீடு திரும்பும்போது வலமிருந்து இடம். ஒரே ஒரு ஷாட்டில் தெருவின் மறுபுறம் போய் நின்று எடுத்துவிட்டாலும், போனவள் திரும்பி வருவதாகத் தெரியும்.

உச்சக்கட்டத்தைக் காட்டிவிட்டு ‘மூன்று நாளுக்கு முன்’ என்று போடுவது சரியா?

அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டுப் பாருங்கள். மீதி தானாக நின்றால் அந்தத் துண்டு வேண்டாம். வைத்தே தீர வேண்டுமென்றால் 20 நொடிக்குள் வையுங்கள். பின்னால் அதே காட்சி வரும்போது வேறொருவர் பார்வையிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் பார்த்ததையே திரும்பப் பார்க்க வைக்கிறீர்கள்.

ஐயா, வெளிநாட்டுக் கோட்பாடுகள் இருக்கட்டும். கடலும் கடற்கரையுமான நெய்தல் திணைக்கு உரிப்பொருள், அதாவது உரிய உணர்வு, இரங்கல். கடலைக் காட்டினால் போதாதா? (தமிழாசிரியர், பரங்கிப்பேட்டை)

போதாது ஐயா. தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது. நிலத்தோடு பொழுதும் முதற்பொருள். நெய்தலுக்குப் பகல் சாயும் எற்பாடு. நண்பகல் கடல் வெறும் கடலாகத்தான் இருக்கும்.

நம் கரையில் சூரியன் கடலில் எழுந்து நிலத்தில் விழுகிறது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் ஆள் நிழலுருவாகிவிடுவார், முகம் கிடைக்காது. மாலையில் கடலைப் பார்த்து நிற்கும் பெண்ணின் முகத்தைக் கரையோர நீரில் நின்று எடுங்கள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதனால் முகத்துக்குக் கடல் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை பிடிக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு 15, 20 நிமிடம் நிழலில்லாத நீல வெளிச்சம் கிடைக்கும். இரங்கலுக்கு அந்த வெளிச்சம்தான் சரி. அதில் ஒரு ஷாட்டை மட்டும் திட்டமிடுங்கள், மூன்று முறை எடுப்பதற்குள் இருட்டிவிடும்.

கருப்பொருளை, அதாவது அந்த நிலத்துக்குரிய உயிர்களையும் தொழிலையும், ஒலியாகவும் சேர்க்கலாம்: ஏலக் குரல், படகு எஞ்சின், காகம். மைக்குக்கு ரோம உறை இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள், காற்று மட்டும்தான் பதிவாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படகு போய்வரும் அன்றாடம்தான் உங்கள் கதையின் சமநிலை என்றால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அது நின்றுபோவதுதான் குலைவு என்றால், அந்த 61 நாளில் உங்களுக்கு வேண்டியது துறைமுகத்திலேயே கிடைக்கும்.