வேட்டைக்கு அனுமதி கொடுத்தது யார்?

கேள்வி: கிளாஸ்கோவில் மேற்படிப்புப் படிக்கிறேன். இரவில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தமிழ் மாணவன் ஒருவன், ரத்தக்காட்டேரி வேட்டைக்காரர்களோடு சேர்வதாக ஒரு தொடர்கதை எழுதுகிறேன். ஐந்து பாகங்கள் எழுதத் திட்டம். முதல் அத்தியாயம் முழுக்க ரத்தக்காட்டேரிகளின் வரலாறு. படித்த நண்பர்கள் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழிய வேண்டுமா?

பதில்: அன்புத் தம்பி, அந்த முதல் அத்தியாயத்தை எடுத்துத் தனியே வையுங்கள். உங்கள் பையனின் வேலையிலேயே நல்ல தொடக்கம் இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அழைக்காமல் ரத்தக்காட்டேரி வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற விதி 1897-இல் வெளிவந்த டிராகுலா நாவலிலேயே உண்டு. உங்கள் பையனும் அப்படித்தான். இரவெல்லாம் அடுத்தவர் வாசலில் நிற்கிறான். அவனை யாரும் உள்ளே அழைப்பதில்லை. கிளாஸ்கோவின் பழைய அடுக்குக் குடியிருப்புகளில் தெருக்கதவுக்குப் பக்கத்தில் அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்குமே, ஒன்றை அழுத்தினால் மேலே இருப்பவர் யாரென்றுகூடக் கேட்காமல் கதவைத் திறந்துவிடுவார். அது அழைப்பாகுமா? பையன் பிடித்திருக்கும் கதவு வழியாக அவன் பின்னாலேயே இன்னொருவர் நுழைந்தால்? முதல் அத்தியாயத்துக்கு இது போதும். விதியை யாரும் விளக்க வேண்டாம். அது மீறப்படும்போது வாசகரே புரிந்துகொள்வார்.

உங்கள் ஊருக்கே ஒரு வேட்டை வரலாறு உண்டு. 1954 செப்டம்பரில் கோர்பல்ஸ் பகுதிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கம்பும் கத்தியுமாகத் தெற்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் திரண்டார்கள். இரும்புப் பற்கள் கொண்ட ஏழடி ரத்தக்காட்டேரி ஒன்று இரண்டு சிறுவர்களைக் கொன்றுவிட்டதாகப் பேச்சு. உண்மையில் எந்தச் சிறுவனும் காணாமல் போகவில்லை. பக்கத்து இரும்பு உருக்காலையின் செவ்வொளியும் புகையும் கல்லறைகளின்மேல் படிந்து பயத்தைக் கூட்டின. பழி அமெரிக்கத் திகில் சித்திரக்கதைகளின்மேல் விழுந்தது. அவற்றைச் சிறுவர்களுக்கு விற்பதற்கு எதிராக 1955-இல் சட்டமே வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர்களில் ஒருவர், இரவு பதினொரு மணிக்குச் சாப்பாடு வாங்கக் கதவைத் திறக்கட்டும். உங்கள் வேட்டைக் கூட்டத்தின் தலைவி அவராகவே இருக்கலாம்.

அடுத்து, வேட்டைக்காரர்கள். உங்கள் கடிதத்தில் ஆயுதங்களைப் பற்றி நிறைய இருக்கிறது. அந்த ஆயுதங்களைப் பிடிக்கும் அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்பது இல்லை. 1732-இல் செர்பியாவின் மெத்வெஜா கிராமத்துக்கு ஆஸ்திரிய ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் அதிகாரிகளோடு வந்தார். கல்லறைகளைத் திறந்து ஒவ்வோர் உடலையும் பரிசோதித்து, ரத்தக்காட்டேரிகள் இவை இவை என்று அறிக்கை எழுதினார்; உடன் வந்தவர்களும் கையெழுத்திட்டார்கள். ஆனால் தலைகளை வெட்டியது அவர்கள் அல்லர். அந்த வேலை அங்கிருந்த ஜிப்ஸிகளிடம் தள்ளப்பட்டது. உடல்களை எரித்த சாம்பல் மொராவா ஆற்றில் போனது. 1755-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி மரியா தெரசா, தம் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆய்வைக் கேட்டபின், பிணங்களைத் தோண்டி எரிப்பதையே தடை செய்தார். ஒரு தலைமுறைக்குள் அரசாங்கக் காரியம் குற்றமாகிவிட்டது.

இதை உங்கள் கதையில் வைத்துப் பாருங்கள். உத்தரவு போடுபவர் ஒருவர். கையில் ரத்தக்கறையோடு அறைக்குத் திரும்புபவன், விசா காலாவதியாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் மாணவன். போலீஸ் பிடித்தால் தலைவி அவனைத் தெரியும் என்பாரா? ஐந்து பாகங்களையும் தாங்கக்கூடிய கேள்வி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். யார் மூத்த ரத்தக்காட்டேரி, எந்தக் குலம் எந்தக் குலத்தோடு பகை என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சூரிய ஒளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிராகுலா நாவலில் அவன் பகலிலும் நடமாடுவான். வெயில் பட்டு அழிவது 1922-ஆம் ஆண்டின் நோஸ்ஃபெராட்டு என்ற மௌனப்படத்தால் பரவியது. ஆகவே உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். கோடையில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் ஊர் உங்களுடையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சாப்பாட்டு ஆர்டர்கள் குவியும் நேரத்தில் வானம் இன்னும் வெளுத்தே கிடக்கும்.

ஐந்து பாகங்களையும் இப்போதே வரையறுக்காதீர்கள். முதல் பாகத்தில் அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தது யார் என்ற வழக்கை முழுமையாக முடித்துவிடுங்கள். தலைவி எதை மறைக்கிறார் என்பதை மட்டும் இரண்டாம் பாகத்துக்கு மிச்சம் வையுங்கள்.