ஸ்டென்ட் வைத்த அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. இடுப்பில் தொடங்கும் வலி கால் வரை இறங்குகிறது. டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பயமில்லையா? வெறும் வயிற்றோடு போகணுமா? தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.

பதில்: தாராளமாக எடுக்கலாம். இதய ரத்தக்குழாயில் இப்போது வைக்கும் ஸ்டென்ட்கள் எம்ஆர்ஐக்குத் தடையில்லை. ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோய் முதலிலேயே காட்டிவிடுங்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் என்றால் அப்படியில்லை. எந்த மாடல் என்று பார்க்காமல் உள்ளே அனுப்பவே கூடாது.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்று காட்டுவது எம்ஆர்ஐதான். கதிர்வீச்சும் கிடையாது.

இடுப்பு ஸ்கேனுக்குப் பொதுவாகப் பட்டினி வேண்டாம். வழக்கமான மாத்திரைகளையும் நிறுத்த வேண்டாம். படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி உண்டென்றால் மட்டும் எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது என்று சென்டரில் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தாலிக்கு வருகிறேன். எம்ஆர்ஐ இயந்திரமே ஒரு பெரிய காந்தம். தங்கத்தை அது இழுக்காது; ஆனால் எந்த உலோகச் சங்கிலியும் உள்ளே சூடாகலாம். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிவிட்டால் அம்மாவுக்கும் மனசு சமாதானமாகும். எனக்குத் தாலியைவிட, அந்தக் கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குதான் கவலை. புடவை மடிப்பில் ஒன்று, வளையலில் ஒன்று என்று அவர்களுக்கே நினைவிருக்காது. ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியோடு வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போய், இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அதனால் துணைக்குப் போகும் நீங்களும் செல்போன், சாவி, பெல்ட்டை வெளியே வைத்துவிடுங்கள். மூக்குத்தித் திருகு இறுகியிருந்தால் முந்தின நாளே ஆசாரியிடம் கழற்றிக்கொள்வது நல்லது. சென்டரில் வைத்து இழுத்தால் மூக்கு புண்ணாகிவிடும்.

சுமார் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், தடதடவென்று பெரிய சத்தம் வரும். காதடைப்பான் தருவார்கள். கையில் சின்ன ரப்பர் பந்து மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள். அழுத்தினால் உடனே வெளியே கொண்டுவந்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே சொல்லிவையுங்கள். நேராகப் படுக்க வலித்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள், வைப்பார்கள்.