இன்சுலின் செல்லுக்கு வெளியே ஒட்டுகிறது. உள்ளே இருக்கும் நொதி எப்படி விழித்துக்கொள்கிறது?

செல்லின் சவ்வில் பதிந்து, வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடித்து உள்ளே தெரிவிக்கும் புரதம்தான் ஏற்பி. இன்சுலின் ஏற்பி இரண்டு பாதிகள் சேர்ந்தது. ஒவ்வொரு பாதியின் உள்முனையிலும் கைனேஸ் என்ற நொதிப் பகுதி இருக்கிறது. பாஸ்பேட்டை எடுத்து ஒட்டுவது அதன் வேலை.

இன்சுலின் இல்லாதபோது இரு பாதிகளின் கால்களும் விலகி நிற்கும். கைனேஸில் உள்ள ஒரு சிறு வளையம் மடிந்து, வேலை நடக்கும் பள்ளத்தை அடைத்திருக்கும். இன்சுலின் ஒட்டியதும் வெளிப்பகுதி வளைகிறது, கால்கள் நெருங்குகின்றன, உள்ளே கைனேஸ்களும் பக்கத்தில் வருகின்றன. அப்புறம் நடப்பதுதான் அழகு. முதுகில் போட்ட முடிச்சைத் தானே அவிழ்ப்பது கடினம், பக்கத்தில் இருப்பவர் எளிதாக அவிழ்த்துவிடுவார் அல்லவா? அதுபோல ஒரு கைனேஸ் மற்றதன் வளையத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் 3 இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட் வந்ததும் வளையம் பழைய மடிப்பில் நிற்காமல் வெளியே விரிகிறது; பள்ளம் திறக்கிறது. சரி, இனி அது அடுத்த புரதங்களுக்கும் பாஸ்பேட் ஒட்டும்.

இன்சுலினே உள்ளே போய் நொதியை முடுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சவ்வைத் தாண்டி உள்ளே போவது ஏற்பியின் வடிவ மாற்றம் மட்டுமே.